மேப்பிள் சாற்றுக் குழாய்களும் காட்டு ஜந்துக்களும்

பனைமரத்தில் பாளை சீவிப் பதநீர் இறக்குவோருக்கு அணிலும் மரநாயும் வௌவாலும் புதிய ஜந்துக்கள் அல்ல. இனிப்பு ஊறும் இடத்தை நாடிப் பிராணிகள் வருவது இயற்கை. வட அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் மேப்பிள் என்னும் மரத்தின் சாற்றை இறக்கிப் பாகு காய்ச்சும் குடியானவர்களுக்கும் இத்தொல்லை உண்டு. ஆயினும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பனையில் ஒரு கலயத்தை மரநாய் கவிழ்த்துவிட்டால் அந்த ஒரு கலயத்துப் பதநீர்தான் நஷ்டம். மேப்பிள் தோப்பிலோ, நூற்றுக்கணக்கான மரங்களை ஒரே குழாய்த் தொடரில் பிணைத்திருக்கிறார்கள். எங்கோ ஒரு மூலையில் ஓர் அணில் குழாயில் பல்லைப் பதித்தால், அத்தொடரில் உள்ள எல்லா மரங்களின் சாறும் குறைந்துவிடும். இந்த நஷ்டத்தை அவர்கள் எவ்வாறு அறிகிறார்கள், எவ்வாறு தடுக்கிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். பலர் சேர்ந்து ஒரு சாதனத்தைப் பயன்படுத்தும் தொழில் எதுவாயினும், இதில் கற்கத்தக்க விஷயம் உண்டு என்று நம்புகிறோம்.

மேப்பிள் மரமும் அதன் சாறும்

கானடாவின் கிழக்குப் பகுதியிலும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியிலும் சர்க்கரை மேப்பிள் மரம் செழித்து வளர்கிறது. உலகத்தில் உற்பத்தியாகும் மேப்பிள் பாகில் ஏறக்குறைய 70 சதவீதம் கானடாவிலுள்ள கியூபெக் மாகாணம் ஒன்றிலேயே கிடைக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெர்மான்ட் என்னும் சிறிய ராஜ்யம் முதலிடம் வகிக்கிறது. ஐரோப்பியர் அங்கே குடியேறுவதற்கு முன்னரே அந்நாட்டுப் பழங்குடி மக்கள் இம்மரத்தைக் கீறிச் சாறு எடுத்துச் சர்க்கரை செய்து வந்தார்கள்.

இச்சாறு வருஷம் முழுவதும் சுரப்பதில்லை. பனிக்காலம் முடிந்து வசந்தம் தொடங்கும் சமயத்தில், அதாவது சுமாராகப் பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் மத்தி வரையில், நான்கு முதல் ஆறு வாரங்கள்தான் சாறு ஓடும் பருவம். அப்பருவத்திலும் இரவில் நீர் உறையும் அளவுக்குக் குளிரும், பகலில் உறைபனி இளகும் அளவுக்கு வெப்பமும் மாறி மாறி வந்தால்தான் சாறு ஓடும். இரவெல்லாம் உறைந்து கிடந்த மரம் பகலில் இளகும்போது அதனுள் அழுத்தம் உண்டாகிறது. மரத்தில் இட்ட துளை வழியே சாறு வெளிப்படுகிறது. மரத்தில் இலைமொட்டுகள் விரியத் தொடங்கிவிட்டால் சாற்றின் ருசி கெட்டுவிடும்; அந்த வருஷத்து வேலையும் முடிந்துவிடும்.

மேப்பிள் சாறு பதநீரைப் போல் அத்தனை இனிப்புடையது அன்று. அதில் இருக்கும் சர்க்கரை சுமார் 2 சதவீதமே. ஆகவே ஒரு லிட்டர் பாகு காய்ச்சுவதற்கு ஏறத்தாழ 40 லிட்டர் சாறு வேண்டும். இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு அதிகமான சாற்றைச் சேகரித்தாக வேண்டியிருப்பதால், பருவத்தில் ஒரு நாள் வீணானாலும் அந்தக் குடும்பத்தின் வருஷ வருமானத்தில் அது தெரியும்.

வாளி போய்க் குழாய் வந்தது

முற்காலத்தில் மரந்தோறும் ஒரு துளையிட்டு, அதில் ஒரு சிறு மூக்கைச் செருகி, அதன் கீழே வாளியைத் தொங்கவிடுவார்கள். ஆட்கள் உறைபனியில் மரம் மரமாக நடந்து வாளிகளைக் காலி செய்து, குதிரை வண்டியில் வைத்த தொட்டியில் சாற்றைச் சேர்ப்பார்கள். இதற்கு ஆள்பலம் அதிகம் தேவைப்பட்டது. 1950-ஆம் ஆண்டுகளில் பிளாஸ்டிக் குழாய் முறை புகுந்தது. அது நாளடைவில் பெரிய தோப்புகள் எங்கும் பரவியது. வாளிமுறை சிறு தோப்புகளில் இன்றும் உண்டு.

குழாய் முறையின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்வோம். மரத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு அதில் ஒரு பிளாஸ்டிக் மூக்கைச் செருகுகிறார்கள். அந்த மூக்கிலிருந்து ஒரு சிறு குழாய் கீழே இறங்கிக் கிளைக் குழாயில் சேருகிறது. கிளைக் குழாயின் உட்குறுக்களவு அங்குலத்தில் 16-இல் 5 பாகம். அது மரத்துக்கு மரம் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டு, சரிவை நோக்கிச் செல்கிறது. பல கிளைக் குழாய்கள் சேர்ந்து எஃகுக் கம்பியில் தாங்கப்பட்ட பெரிய தாய்க்குழாயில் விழுகின்றன. தாய்க்குழாய் காய்ச்சும் கொட்டகையில் போய் முடிகிறது.

பெரும்பாலான தோப்புகளில் கொட்டகையில் ஒரு காற்றுறிஞ்சும் பம்பும் இருக்கும். அது குழாய்களினுள் இருக்கும் காற்றை வெளியே இழுத்துவிடுகிறது. குழாயினுள் காற்றழுத்தம் குறையக் குறைய, மரத்திலிருந்து சாறு அதிகமாக வெளிப்படுகிறது. இந்த உறிஞ்சு பலத்தைப் பாதரச அங்குலக் கணக்கில் அளக்கிறார்கள். நல்ல முறையில் காக்கப்பட்ட தோப்பில் இது 25 அங்குலத்துக்கு மேலும் இருக்கும். வாளிமுறையில் பருவம் முழுவதிலும் ஒரு துளைக்குச் சுமார் ஒரு லிட்டர் பாகு கிடைத்தால், நல்ல உறிஞ்சு பலமுள்ள குழாய் முறையில் சுமார் இரண்டு லிட்டர் வரையிலும் கிடைக்கக்கூடும். மரத்தின் எண்ணிக்கையைக் கூட்டாமலே மகசூல் இரட்டிப்பதற்கு இந்தப் பம்புதான் காரணம்.

ஒரு சிறு துளையால் வரும் நஷ்டம்

இவ்விடத்தில்தான் அணிலின் பல் முக்கியமாகிறது. குழாயில் ஒரு சிறு துளை விழுந்தால் அதன் வழியே சாறு சொட்டுவது ஒரு நஷ்டம். ஆனால் அது அற்பம். வெளிக்காற்று உள்ளே புகுந்து உறிஞ்சு பலத்தைக் குறைப்பதுதான் பெரிய நஷ்டம். பம்பின் சக்தி, சாதாரணமாக 100 துளைகளுக்கு நிமிஷத்துக்கு ஒரு கன அடிக் காற்றை இழுக்கும் கணக்கில்தான் அமைக்கப்படுகிறது. நாலைந்து இடங்களில் காற்று தாராளமாகப் புகுந்தால் பம்பு அதை இழுப்பதிலேயே ஈடுபட்டுவிடும், மரங்களுக்குப் பயன்படாது.

உறிஞ்சு பலத்தில் ஓர் அங்குலம் கூடினால் மகசூல் சுமார் 5 முதல் 7 சதவீதம் கூடும் என்பது ஆராய்ச்சியாளரின் கணக்கு. இதை ஒரு உதாரணத்தால் பார்ப்போம். ஒரு குடியானவருக்கு 500 துளைகள் இருப்பதாகவும், பருவம் முழுவதும் அவருக்கு 1,000 லிட்டர் பாகு கிடைக்க வேண்டியதாகவும் வைத்துக்கொள்வோம். அணில் கடித்த துளைகளால் 25 அங்குலமாக இருந்த உறிஞ்சு பலம் 20 அங்குலமாகக் குறைந்தது என்போம். அங்குலத்துக்கு 5 சதவீதம் என்று குறைந்த அளவையே கொண்டாலும், நஷ்டம் 25 சதவீதம், அதாவது 250 லிட்டர் பாகு. சாறு ஓடும் நாட்கள் 20 என்றால், நாளொன்றுக்குப் பன்னிரண்டரை லிட்டர் பாகு, அதாவது சுமார் 500 லிட்டர் சாறு கிடைக்காமற் போகிறது. கடிபட்ட குழாய்த் துண்டுக்குப் பதிலாக இடும் துண்டின் விலையோ மிகச் சொற்பம். குழாய்க்கு ஆகும் செலவைக் கண்டு வருந்துகிறவர், கண்ணுக்குத் தெரியாமல் போகும் இந்தப் பெரிய நஷ்டத்தைக் கவனிப்பதில்லை.

இன்னொரு தீங்கும் உண்டு. உறிஞ்சு பலம் திடீரென்று குறையும்போது, குழாயிலுள்ள சாறு மரத்தின் துளைக்குள் திரும்பிச் செல்லக்கூடும். குழாயில் வளர்ந்துள்ள நுண்ணிய கிருமிகளும் அதனுடன் உள்ளே போகும். கிருமிகள் புகுந்த துளை சீக்கிரத்தில் அடைபட்டு, பருவம் முடிவதற்கு முன்னரே சாறு ஓடுவது நின்றுவிடும். சாறு பின்னோக்கிச் செல்லாதபடி தடுக்கும் சிறு அடைப்பு வைத்த மூக்குகள் இதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. வெர்மான்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி நிலையம் இவ்விஷயத்தில் நல்ல வேலை செய்திருக்கிறது. அந்நிலையம் 1946-ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

சேதம் செய்யும் ஜந்துக்கள்

சேதம் செய்வனவற்றுள் முதலாவது அணில். அங்குள்ள அணில்களில் செவ்வணில், சாம்பல் அணில், பறக்கும் அணில், தரையில் வளை தோண்டி வாழும் சிப்மங்க் என்று பல வகை உண்டு. இவற்றுள் செவ்வணிலைப் பற்றியே மேப்பிள் குடியானவர்கள் அதிகமாக முறையிடுகிறார்கள். தேவதாரு போன்ற ஊசியிலை மரங்களின் விதைகளே அதற்குப் பிரதான உணவு. ஆகவே மேப்பிள் தோப்பை ஒட்டி அம்மரங்கள் அடர்ந்திருந்தால் அங்கே செவ்வணில் மிகுதியாக இருக்கும்.

முள்ளம்பன்றி உப்பை நாடிப் பல பொருள்களைக் கடிக்கும் இயல்புடையது. எலிகள், தரையில் கிடக்கும் குழாய்களையும், கொட்டகையில் சுருட்டி வைத்த குழாய்களையும் உறைபனியின் மறைவில் கடித்துவிடும். கரடி குழாயைக் கடித்து மென்று நசுக்கும். கயோட்டி என்னும் ஓநாய் இனத்துச் சிறு மிருகமும் குழாயைக் கடிப்பதுண்டு. மானும், மூஸ் என்னும் மிகப் பெரிய மானினமும் குழாயைக் கடிப்பதைவிட, ஓடும் வேகத்தில் அதன்மேல் மோதி அறுத்துக்கொண்டு போவதே அதிகம்.

எந்த ஜந்து சேதம் செய்தது என்பதை முதலில் அடையாளம் காண வேண்டும். சிறிய இரட்டைப் பல்வரிசை இருந்தால் அணில் அல்லது எலி. குழாய் நசுங்கி, ஆழமான கோரைப்பல் குழிகள் இருந்தால் கரடி அல்லது கயோட்டி. குழாய் நீண்டு இழுபட்டு, மூட்டு கழன்று, கம்பி தளர்ந்திருந்தால் மானோ மூஸோ மோதியிருக்கும். உறைபனியின்மேல் காலடித் தடமும் இருக்கும். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பது போல, ஜந்து இன்னதென்று தெரியாமல் பரிகாரம் செய்வதில் பிரயோஜனமில்லை.

அணில் ஏன் குழாயைக் கடிக்கிறது

அணிலின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கொறித்துத் தேய்த்துக்கொண்டிருப்பது அதன் இயற்கை. ஆனால் இது மாத்திரம் காரணமன்று.

அணிலுக்கு மேப்பிள் சாற்றின் இனிப்பு நன்றாகத் தெரியும். பெர்ண்ட் ஹைன்ரிச் என்னும் உயிர்நூல் ஆராய்ச்சியாளர் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில் இதை விளக்கியிருக்கிறார். செவ்வணில் மேப்பிள் மரத்தின் பட்டையைக் கடித்துக் காயம் செய்துவிட்டுப் போய்விடுகிறது. காயத்திலிருந்து சாறு வழிந்து, அதிலுள்ள நீர் வெயிலிலும் காற்றிலும் வற்றிய பிறகு, திரும்பி வந்து மிஞ்சிய சர்க்கரையை நக்கித் தின்கிறது. மனிதன் அடுப்பெரித்துச் செய்யும் வேலையை அணில் வெயிலைக் கொண்டு செய்துகொள்கிறது. ஆகவே, தன் காட்டில் தொங்கும் குழாயில் இனிப்பு ஓடுவதை அது அறிந்துகொள்வதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது காரணம் உப்பு. காட்டு ஜந்துக்களுக்கு உப்பு எளிதில் கிடைப்பதில்லை. வேலையாட்களின் கைவியர்வை குழாயில் பட்டால் அதுவே ஒரு கவர்ச்சி. குழாய்களைக் கிருமி நீங்கக் கழுவுவதற்குச் சோடியம் கலந்த வெளுப்புத் திராவகத்தை உபயோகித்தால், கழுவிய பின்னரும் குழாயில் சிறிது உப்பு தங்கிவிடுகிறது. அவ்வாறு கழுவிய குழாய்களை அணில் அதிகமாகக் கடிப்பதைக் குடியானவர்கள் கண்டிருக்கிறார்கள்.

எல்லா வருஷமும் சேதம் ஒரே அளவாக இருப்பதில்லை. காட்டு மரங்கள் சில வருஷங்களில் மிக அதிகமாக விதைக்கும். அந்த உணவைத் தின்று அணில்கள் பெருகும். அடுத்த வருஷம் விதை குறைந்தால் பெருகிய கூட்டம் உணவுக்கு அலையும். 2018-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வெர்மான்ட், நியூஹாம்ஷயர் முதலிய ராஜ்யங்களில் அணில்கள் இவ்வாறு பெருகி, சாலைகளில் வண்டிகளில் அடிபட்டு ஏராளமாக மாண்டு கிடந்தன. முந்தின வருஷத்தில் விதை எவ்வளவு விழுந்தது என்று கவனித்து வைக்கிறவர், எந்த வருஷம் அதிக எச்சரிக்கை வேண்டும் என்பதை முன்னதாகவே அறியலாம்.

துளையைக் கண்டுபிடிக்கும் வழி

குழாய்கள் மைல் கணக்கில் நீண்டு கிடக்கும் தோப்பில் ஒரு பல் தடத்தைத் தேடுவது எவ்வாறு? இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு.

முதலாவதாக, ஒவ்வொரு தாய்க்குழாயின் கடைசியிலும் ஓர் உறிஞ்சு பல மானி பொருத்த வேண்டும். பம்பின் அருகிலுள்ள மானி 25 அங்குலம் காட்ட, கடைக்கோடி மானி 18 அங்குலம் காட்டினால், இடையில் எங்கோ காற்று புகுகிறது என்பது நிச்சயம். இப்போது பெரிய தோப்புகளில் மானிகள் கம்பியில்லா முறையில் கொட்டகைக்குச் செய்தி அனுப்பும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனால் சாதாரண மானியும் தினந்தோறும் நடந்து பார்க்கும் ஆளும் இருந்தால் போதும்.

இரண்டாவதாக, தாய்க்குழாய்கள் பலவாக இருந்தால், ஒவ்வொன்றின் அடைப்பையும் வரிசையாக மூடிப் பார்க்க வேண்டும். எந்தக் குழாயை மூடியதும் பம்பின் உறிஞ்சு பலம் உயருகிறதோ அந்தக் குழாயில்தான் ஓட்டை. இவ்வாறு செய்தால் தோப்பு முழுவதும் அலையாமல் ஒரு பகுதியில் மாத்திரம் தேடலாம்.

மூன்றாவதாக, அப்பகுதியில் கிளைக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். நல்ல குழாயில் சாறும் சிறு குமிழிகளும் மெதுவாக நகரும். ஓட்டையுள்ள குழாயிலோ காற்றும் சாறும் கலந்து வேகமாக ஓடும். அந்த ஓட்டத்துக்கு எதிர்த் திசையில் நடந்து சென்றால் ஓட்டை அகப்படும். அருகில் சென்றால் சீறும் ஓசையும் கேட்கும். காற்றடியில்லாத அமைதியான வேளையே இதற்கு ஏற்றது. மூட்டுகள், மூக்குகள், இறங்கு குழாய்கள் ஆகிய இடங்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஒரு கடியைக் கண்டதும் திருப்தியடைந்து திரும்பிவிடலாகாது. ஓர் அணில் ஒரே மரத்தின் அருகில் பல இடங்களைக் கடித்திருப்பது சகஜம்.

செப்பனிடும் முறை

கடிபட்ட பாகத்துக்குத் துணி சுற்றுவதும், ஒட்டும் நாடா ஒட்டுவதும் வீண். குளிரிலும் ஈரத்திலும் அவை நிற்பதில்லை. கடிபட்ட பாகத்தை இருபுறமும் நல்ல குழாய் தெரியும் வரையில் நேராக வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டிய பாகம் சிறிதானால் ஓர் இணைப்பு மூட்டைக் கொண்டு இரு முனைகளையும் சேர்த்துவிடலாம். பெரிதானால் அதே நீளமுள்ள புதுத் துண்டை இடையில் வைத்து இரண்டு மூட்டுகள் போட வேண்டும். குளிரில் குழாய் விறைத்திருக்கும். ஆதலால் சூடாறாக் குப்பியில் வெந்நீர் எடுத்துச் சென்று முனையை அதில் நனைத்தால் மூட்டு எளிதில் ஏறும். இரு முனைகளையும் பிடித்து இழுத்துச் சேர்ப்பதற்கென்றே இரட்டைப்பிடிக் குறடு கிடைக்கிறது.

வேலை முடிந்த பின் குழாய் தொய்யாமல் விறைப்பாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். தொய்ந்த இடத்தில் சாறு தேங்கி, இரவில் உறைந்து, மறுநாள் ஓட்டத்தைத் தடுக்கும். ஒரே கிளைக் குழாயில் மூட்டுகள் அதிகமாகிவிட்டால், ஒவ்வொரு மூட்டும் காற்று புகக்கூடிய இடமாகிறது. அக்குழாயை அடுத்த பருவத்துக்கு முன் முற்றிலும் மாற்றிவிடுவதே சிக்கனம்.

வெட்டி எடுத்த துண்டுகளைக் காட்டில் எறியலாகாது. அவற்றைப் பையில் சேர்த்துக் கொட்டகைக்குக் கொண்டுவர வேண்டும். இனிப்புப் பட்ட துண்டுகள் ஜந்துக்களை அவ்விடத்துக்கு மீண்டும் இழுக்கும். பிளாஸ்டிக் மக்காமல் மண்ணிலும் கிடக்கும்.

முன்னதாகவே தடுத்தல்

குழாய்களைப் பெரும்பாலும் வருஷம் முழுவதும் மரங்களிலேயே விட்டுவைக்கிறார்கள். ஆகவே சாறு ஓடாத மாதங்களிலும் சேதம் நேரும். பருவம் தொடங்குவதற்கு முன்னரே ஒரு தடவை தோப்பு முழுவதும் நடந்து பழுதுகளைச் சரிசெய்து, பம்பை ஓட்டிச் சோதித்துவிட வேண்டும். சாறு ஓடத் தொடங்கிய பிறகு முதல் பழுதைத் தேடுகிறவர், பருவத்தின் நல்ல நாட்களில் சிலவற்றை இழப்பார்.

குழாயைத் தொடும்போது கையுறை அணிவது நல்லது. வியர்வை உப்பு படாது. குழாய்களைக் கழுவச் சோடியம் சேர்ந்த திராவகத்துக்குப் பதிலாகக் கால்சியம் சேர்ந்த வெளுப்பு மருந்தை உபயோகித்தால் அணில்கள் அவ்வளவாக நாடுவதில்லை. எதை உபயோகித்தாலும் பருவத்தின் முதல் சாற்றைக் குழாய் கழுவ விட்டுக் கொட்டிவிட வேண்டும். மிச்சமான குழாய்ச் சுருள்களை எலி புகாத பெட்டியில் வைக்க வேண்டும். பருவம் முடிந்ததும் குழாயில் சாறு தங்காமல் வடித்துவிட வேண்டும். தங்கிய சாறு புளித்து ஜந்துக்களை அழைக்கும்.

மிளகாய்ச் சாறு முதலிய காரப்பொருள்களையும், வேட்டை மிருகங்களின் மூத்திரத்தையும் தெளித்துப் பார்த்தவர்கள் உண்டு. மழையும் பனியும் அவற்றைக் கழுவிவிடும். மேலும் மனிதர் உண்ணும் பண்டம் ஓடும் குழாயின் அருகில் கண்டதைத் தெளிப்பது விரும்பத்தக்கதன்று. ஓட்டையின் வழியே அது சாற்றில் கலக்கலாம். அணிலுக்கு வேறிடத்தில் தீனி வைத்து விலக்கலாம் என்பதும் ஏமாற்றமே. தீனி கிடைக்கும் இடத்தில் அணில் பெருகுமேயன்றிக் குறையாது.

விஷமும் பொறியும்

அணில்களைக் கொன்றுவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் கருதுகிறார்கள். விஷம் வைப்பது முற்றிலும் தவறு. விஷம் தின்ற அணிலை ஆந்தை, பருந்து, நரி, மரநாயையொத்த பிஷர் என்னும் மிருகம் முதலியவை தின்று மடியும். இவையோ அணிலைப் பிடித்துத் தின்று அதன் தொகையைக் குறைக்கும் நமது நண்பர்கள். அவற்றை அழித்தால் அணில்களைக் காவலின்றிப் பெருக விடுகிறோம். விஷம் உணவுப் பண்டத்தில் சேரும் அபாயமும் உண்டு.

பொறி வைத்துப் பிடிப்பதும் சுடுவதும் அந்தந்த ராஜ்யத்தின், அந்தந்த மாகாணத்தின் வனஜந்துச் சட்டங்களுக்கு உட்பட்டவை. சில இடங்களில் பிடித்த ஜந்துவை வேறிடம் கொண்டுபோய் விடுவதும் குற்றமாகும். ஆகவே முதலில் வனஜந்து இலாகா அதிகாரியைக் கலந்துகொள்வது அவசியம். சட்டம் இடங்கொடுத்தாலும், ஓர் அணிலை அகற்றிய இடத்துக்கு அடுத்த காட்டிலிருந்து மற்றோர் அணில் வந்து சேரும். மிகவும் சேதமாகும் ஒரு சிறு பகுதியில் பருவத்துக்கு முன் இவ்வாறு செய்வதில் சிறிது பயன் இருக்கலாம். தினந்தோறும் குழாயைச் சுற்றிப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

பெரிய மிருகங்களுக்கு வழிவிடுதல்

மானும் மூஸும் பழகிய தடத்திலேயே நடப்பவை. அத்தடத்தின் குறுக்கே குழாயைக் கட்டினால் வருஷந்தோறும் அது அறுபடும். ஆகவே தோப்பை அமைக்கும்போதே உறைபனியில் தெரியும் தடங்களைக் குறித்துக்கொண்டு, கிளைக் குழாய்களைத் தடத்தின் இருபுறமும் நிறுத்தி இடைவெளி விடுகிறார்கள். தாய்க்குழாய் குறுக்கிட்டே தீர வேண்டிய இடத்தில் அதை உயர்த்திக் கட்டுகிறார்கள். உறைபனி பல அடி உயரம் குவிந்தால், மிருகங்கள் நடக்கும் மட்டமும் உயரும் என்பதை மறக்கலாகாது. கரடி குளிர்காலம் முழுவதும் உறங்கி வசந்தத்தில் வெளிவருவது. ஆதலால் பருவத்தின் கடைசியிலும், பின்னர்க் கோடையிலும் அதனால் சேதம் நேரும். கோடையில் ஒரு தடவை தோப்பைச் சுற்றி வருவது இதற்காகவும் வேண்டியிருக்கிறது.

கணக்கு வைத்தலும் கூட்டு முயற்சியும்

நல்ல குடியானவர் சேதங்களுக்கென்று ஒரு சிறு புத்தகம் வைத்திருப்பார். எந்தத் தேதியில், எந்தக் குழாயில், எத்தனையாவது மரத்தருகில், எந்த ஜந்துவால் சேதம், செப்பனிடுவதற்கு முன்னும் பின்னும் மானி எத்தனை அங்குலம் காட்டியது என்று அதில் எழுதுவார். இரண்டு மூன்று வருஷங்களில், தோப்பின் எந்த மூலையில் எந்த மாதத்தில் தொல்லை அதிகம் என்பது அதில் தானே விளங்கும். பிறகு அங்கே முதலில் போகலாம், ஆட்கூலி மிச்சமாகும்.

இத்தொழிலில் கூட்டுறவுக்கும் நெடுநாளைய சம்பந்தம் உண்டு. கியூபெக் மாகாணத்து மேப்பிள் குடியானவர்கள் தனித்தனியே விற்று வியாபாரிகளிடம் சொற்ப விலை பெற்று வந்த காலத்தில், 1925-ஆம் ஆண்டில், சிரில் வயான்கூர் என்பவரின் முயற்சியால் ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கம் ஏற்பட்டது. பிளெஸிவில் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட அச்சங்கம் சிட்டடெல் என்னும் பெயரால் இன்றும் நடக்கிறது. அதே வயான்கூர், அம்மாகாணத்தின் மக்கள் நாணயச் சங்கங்களை நடத்துவதிலும் முக்கிய பங்கு கொண்டவர். அல்போன்ஸ் டெஜார்டன் என்பவர் 1900-ஆம் ஆண்டில் லெவி என்னும் ஊரில் ஆரம்பித்த சங்கத்திலிருந்து பெருகியவை அவை. நமது ஐக்கிய நாணய சங்கங்களைப் போல, சிறு சேமிப்புகளைத் திரட்டி அங்கத்தினருக்கே கடன் கொடுப்பவை.

விற்பனையைச் சங்கம் பார்த்துக்கொள்ளலாம். பாகின் தரத்தைச் சங்கம் சோதிக்கலாம். குழாயையும் மூட்டையும் மொத்தமாக வாங்கலாம். ஆனால் காட்டில் சீறும் ஓட்டையைக் கேட்பதற்கு ஓர் ஆள்தான் நடந்து போக வேண்டும். ஒரே தாய்க்குழாயில் சேர்ந்த மரங்களைப் பல ஆட்கள் பகுதி பகுதியாகப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் தம் பகுதியில் ஓட்டையைக் கவனியாமல் விட்டால், அவருடைய மரங்களில் மாத்திரம் சாறு குறையாது. சிரத்தையோடு தம் பகுதியைக் காத்தவருடைய மரங்களிலும் குறையும். அவரோ தம் குழாயை எத்தனை தடவை பார்த்தாலும் காரணம் தெரியாமல் திகைப்பார்.

கடன் தவணையைக் கட்டாத ஓர் அங்கத்தினரால் சங்கம் முழுவதற்கும் வரும் கஷ்டத்தை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மேப்பிள் காட்டில் அணில் இருக்கத்தான் செய்யும். அந்தக் காடு அதற்கும் வீடு. காலையில் மானியைப் பார்ப்பது, குறைந்திருந்தால் அன்றே நடந்து போவது, கண்ட ஓட்டையை அன்றே அடைப்பது, அடைத்ததைப் புத்தகத்தில் எழுதுவது ஆகிய இந்த நான்கையும் தவறாமல் செய்கிற தோப்பில், அணில் எத்தனை இருந்தாலும் நஷ்டம் ஒரு நாளைக்கு மேல் நீடிப்பதில்லை.